அப்பா அறைந்த கன்னம்

புனித யோவான் திருநாள் கழிந்து முதல் புல்லறுப்பு நடக்கும் காலையில் ஆஸ்பெர்னுக்குத் தலைவலி வரும். மழை தவறினாலும் அது தவறாது. ஆவ்ர் ஆற்றுத் துறையைத் தலைமுறையாகக் காத்துவரும் குடும்பத்தின் மூத்தவர் அவர். எழுபதைத் தாண்டியும் குதிரை ஏறும்போது அங்கவடியை இன்னொருவர் பிடிக்க விடமாட்டார். அப்படிப்பட்டவர் அன்று மட்டும் சன்னல் பலகைகளைச் சாத்தச் சொல்லிவிட்டு, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பார். வெளியே ஊரே அரிவாளும் ஆப்பிள் மதுக் குடமுமாகப் புல்வெளிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அவர் மனைவி அவிஸ் துணியை நனைத்துக் கொடுப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரே ஒரு வருடம் மட்டும் வாசற்படி தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "ஊருல உள்ளவனுக்கெல்லாம் தன் உடம்புல வலி வரும். உங்களுக்கு மட்டும் அடுத்தவன் கன்னத்துல இருந்து வருது" என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த அடுத்தவன் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி துர்ஸ்தின். புல்வெளியில் முதல் அரிவாள் வீச்சு அவனுடையது. நிலம் அண்ணனுடையது, புல் அண்ணனுடையது, அறுக்கிற ஆட்களும் அண்ணனுடைய ஆட்கள். ஆனாலும் துர்ஸ்தின் வந்து ஒரு பிடி புல்லை அறுத்து இடது கன்னத்தில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் அரிவாளைத் தூக்குவார்கள். ஏனென்றால் அறை வாங்கியவன் அவன்.

எங்கள் கரையில் அது பழைய வழக்கம். எல்லை பேசி முடித்தால் ஆட்டுத்தோலில் எழுதி வைக்கலாம். தோல் தீயில் போகும். கல் நடலாம். கல்லை எதிரி பிடுங்கிப் போடுவான். அதனால் வீட்டுப் பிள்ளை ஒருவனை எல்லைக்கே கொண்டுபோய், இரண்டு பக்கத்தாரும் பார்க்க, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விடுவார்கள். அந்த வலி அவன் இருக்கும்வரை அந்த இடத்தை மறக்க விடாது. பிறகு எத்தனை போர் வந்து போனாலும், "எல்லை எது?" என்ற கேள்வி எழுந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆவ்ர் ஆறு எங்கள் துறைக்கு மேலே இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு புல்வெளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே போய்ச் சேர்கிறது. வடக்கே நார்மன் கோமகனின் நிலம். தெற்கே பிரெஞ்சு அரசரின் நிலம். எல்லை தென்கிளை என்றால் புல்வெளி நம்முடையது. வடகிளை என்றால் அவர்களுடையது. ஆஸ்பெர்னின் தந்தை அன்ஸ்ஃப்ரிட்டும் எதிர்க்கரைப் பிரபுவும் நெடுநாள் வெட்டிக்கொண்டு, இரு பக்கமும் ஆட்கள் செத்தபின், கடைசியில் பேசித் தென்கிளையை எல்லையாக ஒப்புக்கொண்டார்கள். அறைவதற்கு நாள் குறித்தார்கள்.

ஆஸ்பெர்னுக்கு அப்போது பத்து வயது. மூத்த பிள்ளை. தன்னைத் தவிர வேறு யாரை அறைவார்கள்? முந்தின மாலையே ஆற்று மணலைப் போட்டு இரண்டு கன்னத்தையும் தேய்த்துக் கழுவினான். மறுநாள் விடியும் முன் எல்லோரும் புறப்பட்டபோது அப்பாவின் பக்கத்திலேயே, முகத்தைச் சற்றுத் தூக்கியபடி நடந்தான். அப்பா அவனைத் தாண்டிப் போனார். குதிரைக்காரன் தோளில் தூங்கிக்கொண்டிருந்த ஐந்து வயதுத் துர்ஸ்தினை இறக்கிக் கரையில் நிறுத்தினார். கண்ணைக் கசக்கக்கூட விடவில்லை. விட்ட அறையில் மோதிரம் கிழித்துக் கன்னத்தில் ரத்தம் வந்தது. பிள்ளை தண்ணீரில் போய் விழுந்தான். பிறகு இரண்டு பிரபுக்களும் அவனைத் தூக்கி, வெள்ளை ரொட்டியில் தேன் தடவிக் கொடுத்து, ஆள் மாற்றி ஆள் முத்தமிட்டார்கள். ஆஸ்பெர்னிடம் கோவேறு கழுதையின் கயிற்றைக் கொடுத்து, பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள்.

அந்த அறைக்கும் ரொட்டிக்கும் நடுவில், எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கணத்தில், ஆஸ்பெர்ன் ஒன்று செய்தான். அதை யாரும் பார்க்கவில்லை. அவனும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

நிலத்துக்கு வாரிசு ஆகப்போகிறவனைச் சாட்சியாக வைக்க முடியாது, அதனால்தான் அப்பா இளையவனை அறைந்தார் என்பது வளர்ந்த பிறகு ஆஸ்பெர்னுக்குத் தெரியும். தானே மற்றவர்களின் வழக்குகளில் அந்த விதியைச் சொல்லியிருக்கிறார். விதி மூளைக்குத் தெரியும். வயிற்றெரிச்சலுக்குத் தெரியாது. அப்பா சாகும்போது மோதிரத்தை மூத்தவருக்குக் கொடுத்தார். மோதிரம் இவர் விரலில்; அது போட்ட தழும்பு தம்பி கன்னத்தில். நாற்பது வயதில் ஒருநாள் ஆஸ்பெர்ன் பூட்டிய அறைக்குள் மோதிரத்தைத் தன் கன்னத்தில் அழுத்திப் பார்த்தார். தடம் விழுந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிடும் முன் மறைந்துவிட்டது.

ஊரில் தம்பியைக் கன்னத்துக்காரர் என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள், பிறக்கப்போவது மறதி இல்லாத பிள்ளையாக இருக்கட்டும் என்று அந்தத் தழும்பைத் தொட்டுப் போவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தூது வந்தால் துறைத் தலைவரான அண்ணனுக்கு முன்னால் அவனுக்குத்தான் தொப்பியைக் கழற்றுவார்கள். கடைசியாக ஒரு பண்டிகை விருந்தில் எதிர்க்கரை விருந்தாளி ஒருவன் இரண்டு பேரையும் பார்த்து, "இவர் கன்னத்துக்காரர், சரி. அந்தப் பெரியவர் யாரு?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து ஆஸ்பெர்ன் தம்பியோடு பேசுவதில்லை. துர்ஸ்தின் இரண்டு முறை வந்து வாசலில் நின்று பார்த்தான். பிறகு கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த தன் வீட்டோடும் தேன்கூடுகளோடும் இருந்துவிட்டான்.

வம்பு வந்தது எதிர்க்கரைப் பிரபு பூஷார் உருவில். அன்று எல்லை பேசிய பிரபுவின் பேரன்; தாத்தன் நிலம் இப்போது அவனிடம் இருந்தது. முப்பது வயது, சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பவன். வசந்தத்தில் அவன் ஆட்கள் ஆற்றைத் தாண்டிவந்து குதிரைகளைப் புல்வெளியில் கட்டினார்கள். கேட்டதற்கு, எல்லை வடகிளைதான், தென்கிளை என்பது நார்மன் கிழவர்களின் கனவு என்றார்கள். அன்று நட்ட கல் எந்தப் போரில் எங்கே போனதோ தெரியாது. அன்று கூட நின்ற பெரியவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. இரண்டு பக்கமும் வாளை உருவப் போன நேரத்தில் கோமகனும் அரசரும் சமாதானமாக இருந்தபடியால், கோமகனின் நீதிபதி செர்லோ வந்து விசாரிப்பார் என்று முடிவாயிற்று. அறை வாங்கியவன் புனிதரின் எலும்புப் பேழைமேல் கைவைத்துச் சொன்னால் அதற்குக் கட்டுப்படுவதாகப் பூஷாரும் ஒப்புக்கொண்டான்.

புல்வெளி போனால் வெறும் புல் போவதில்லை. துறையில் எந்நேரமும் இரண்டு போர்க்குதிரைகளை நிறுத்தி வைப்பதாகக் கோமகனுக்கு வாக்குக் கொடுத்துத்தான் அந்த வீடு அந்த நிலத்தை ஆள்கிறது. அந்தப் புல் இல்லாமல் குதிரை இல்லை. குதிரை இல்லாமல் துறைக்காவல் இல்லை. துறைக்காவல் இல்லையென்றால், அன்ஸ்ஃப்ரிட்டின் பேரப்பிள்ளைகள் இன்னொருவனுடைய ஏரைப் பிடிக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்தும் ஆஸ்பெர்ன் முதலில் சொன்னது, "நானே சத்தியம் பண்றேன். நான் அங்கதான் நின்னேன்" என்பது.

அவிஸ் பாலாடைக்கட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. "நிலத்துக்குச் சொந்தக்காரனே சாட்சின்னா, பாலுக்குப் பூனை காவல் இருந்த கதைதான். நீதிபதி சிரிப்பாரு. உங்க தம்பிகிட்டப் போங்க."

"ஆள் அனுப்பறேன்."

"ஆளுக்கு அவரு வரமாட்டாரு. உங்க ரத்தம்தானே அங்கயும் ஓடுது."

அவர் போனார். குதிரையில் போனால் ஊர் பார்க்கும் என்று நடந்தே போனார். நடந்து போனதை ஊர் இன்னும் நன்றாகப் பார்த்தது.

துர்ஸ்தின் பேரிக்காய் மரத்தடியில் உட்கார்ந்து விலாங்கு பிடிக்கும் கூடையைப் பின்னிக்கொண்டிருந்தான். தலை முழுக்க வழுக்கை. தழும்பு மட்டும் நேற்று விழுந்ததுபோலத் தெளிவாக இருந்தது. ஆஸ்பெர்னின் கண் நேராக அங்கேதான் போயிற்று.

"உள்ள வா அண்ணே. அங்க நிக்காத. தேனீக்கெல்லாம் உன் மூஞ்சி புதுசு, கொட்டிடும்."

"நான் உக்கார வரல."

"நின்னுக்கிட்டுப் பேசுற வயசா நமக்கு?"

ஆஸ்பெர்ன் நின்றுகொண்டேதான் பேசினார். நீதிபதி வருகிறார், பேழையைக் கொண்டுவருகிறார்கள், நீ வந்து தென்கிளை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், குதிரை அனுப்புகிறேன் என்றார். வேலைக்காரனுக்குச் சொல்வதைப்போலச் சொன்னார். துர்ஸ்தின் பிரம்பை வளைத்து முடிந்தான். இன்னொன்றை எடுத்தான்.

"செர்லோ வர்ற எடத்துலயெல்லாம் ஒரு கேள்வி கேக்குறாராம். நீ கண்டியா, கேட்டியான்னு."

"அதுக்கென்ன? நீ கண்டவன்."

"இல்ல அண்ணே" என்றான் துர்ஸ்தின். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

ஆஸ்பெர்னுக்குப் புரியவில்லை. தம்பி தலையைத் தூக்காமல் சொல்லிக்கொண்டே போனான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை இறக்கி அறைந்தார்கள். எந்த வழியாக வந்தார்கள், எந்தக் கிளையைக் கடந்தார்கள், எதுவும் தெரியாது. வலி தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது. இரண்டு கிளையிலும் தண்ணீர் ஒரே மாதிரிதான் குளிரும். அப்புறம் எல்லோரும் தென்கிளை, தென்கிளை என்று சொல்லிச் சொல்லி, அவனும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். எலும்புமேல் கைவைத்துக் கேட்கும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

ஆஸ்பெர்னின் நெஞ்சுக்குள் முதலில் பொங்கியது பயம் அல்ல, சந்தோஷம். காய்ந்த வைக்கோலில் பொறி விழுந்ததுபோல அது பிடித்துக்கொண்டது. ஓர் ஆயுள் முழுக்க இவனுக்குத் தொப்பியைக் கழற்றினார்கள், இவன் கன்னத்தைத் தொட்டார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் ஓடு. பூஷாரின் குதிரைகள் நினைவுக்கு வந்த பிறகுதான் சந்தோஷம் அடங்கியது. அவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் சொல்றேன், கேட்டுக்க" என்றார்.

சொன்னார். வடகிளையைக் கல்பாவின இடத்தில் கடந்தது, புல்வெளி மேட்டில் பனி முழங்கால்வரை இருந்தது, தென்கிளைக் கரையில் இரண்டு பூர்ச்ச மரங்களில் ஒன்று இடி விழுந்து கருகியிருந்தது, பிரெஞ்சுப் பிரபுவின் சாம்பல் நிற நாய்க்கு ஒரு காது கிழிந்திருந்தது, அப்பாவின் இடது காலணி சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை உதறிவிட்டுத்தான் கையை ஓங்கினார். ரொட்டியில் தேன் எந்தப் பக்கம் வழிந்தது என்பதுவரை சொன்னார்.

துர்ஸ்தின் பின்னுவதை நிறுத்திவிட்டான். "உனக்கு இவ்வளவு ஞாபகமா? உன்னைத்தான் யாரும் அறையலையே."

"அதனாலதான்" என்றார் ஆஸ்பெர்ன்.

பிறகு துர்ஸ்தின், தன்னால் முடியாது என்றான். உன் ஞாபகத்தை என் ஞாபகம் என்று எலும்புமேல் சத்தியம் செய்ய மாட்டேன், அந்தப் பேழைக்கு முன்னால்தான் அப்பாவைப் புதைத்திருக்கிறது என்றான். அந்த வீட்டில் பொய்ச்சத்தியம் செய்தவர் யாருமில்லை.

"எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்கு" என்றான் துர்ஸ்தின். "அதைச் சொல்லலாம். நீ விட்டாத்தான் சொல்லுவேன்."

"என்ன?"

"தண்ணிலேருந்து தலையைத் தூக்கினேன். உன்னைப் பாத்தேன். கழுதைக்கல் மேல ஏறி நின்னுக்கிட்டு, உன் கன்னத்துல நீயே அறைஞ்சுக்கிட்டு இருந்த. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மாத்தி மாத்தி. அந்தச் சத்தம் என் காதுல விழுந்துச்சு. அப்பா உன்னைத் திரும்பிப் பாக்குறாரான்னு பாத்துக்கிட்டே அறைஞ்ச. அவரு பாக்கல."

கழுதைக்கல் எல்லோருக்கும் தெரிந்த கல். படுத்த கழுதை போலத் தென்கிளைக் கரையில் இருக்கிறது. வடகிளையிலிருந்து பார்த்தால் புல்வெளி மேடு அதை மறைத்துவிடும். அந்தக் கல்லைத் தண்ணீரிலிருந்து பார்த்தவன் தென்கிளையில்தான் விழுந்திருக்க வேண்டும். சாட்சி முழுமையாக இருந்தது.

"யார்கிட்டச் சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. எம் பொண்டாட்டி சாகுறவரைக்கும் அவகிட்டகூடச் சொல்லல."

"சொல்லாத."

"புல்வெளி?"

"போகட்டும். குதிரை போனா வேற குதிரை. வீட்டு மானம் போனா அதை எந்தச் சந்தையில வாங்குறது? துறைக்காரன் வீட்டு மூத்தவன் அஞ்சு வயசுப் புள்ள வாங்கின அடிக்கு ஏங்கினான்னு பிரெஞ்சுக்காரன் பாட்டுக் கட்டுவான்."

துர்ஸ்தின் பிரம்பைக் கையில் எடுத்தான். "சரி. நீ சொல்லாம நான் வாயைத் திறக்கமாட்டேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஆஸ்பெர்னுக்கு ஒரே நினைவு. அந்தப் பயல் பார்த்திருக்கிறான். இத்தனை காலமும் பார்த்த கண்ணோடுதான் என்னைப் பார்த்திருக்கிறான். விருந்தில், சவ அடக்கத்தில், என் கல்யாணத்தில். பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பெருந்தன்மை அவரைத் தேனீ கொட்டியதைவிட மோசமாகக் கொட்டியது.

விசாரணை புல்வெளியிலேயே நடந்தது. வண்டிப் பலகையின்மேல் வெள்ளைத் துணி விரித்துப் பேழையை வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் நம்மவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். செர்லோ ஒல்லியான மனிதர். புல்வெளிக் காற்று ஒத்துக்கொள்ளாமல் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். பூஷார் குதிரையைவிட்டு இறங்கித் துர்ஸ்தினுக்கு மட்டும் தொப்பியைக் கழற்றினான். ஆஸ்பெர்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

துர்ஸ்தின் பேழைமேல் கையை வைத்தான். செர்லோ தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கண்டதா, கேட்டதா?"

"கேட்டது நெறைய இருக்குங்க" என்றான் துர்ஸ்தின். "கண்டது..."

நிறுத்தினான். கூட்டத்தில் அசைவு. போன மாதம்தான் அந்தக் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போன தச்சன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பூஷாரின் ஆட்களில் ஒருவன் இளித்தான். கன்னத்துக்காரரின் முகம் சிவக்கத் தொடங்கியது. தழும்பு மட்டும் வெளுத்தே இருந்தது.

ஆஸ்பெர்ன் ஓர் ஆயுளாகக் காத்திருந்த காட்சி அது. ஊர் முன்னால் அந்தக் கன்னம் ஒன்றுமில்லாமல் போவதை ஆசை தீரப் பார்த்திருக்கலாம். ஆனால் பார்க்கப் பார்க்க அவருக்கு வேறொன்று தெரிந்தது. இவன் தன் வாழ்நாள் மரியாதை முழுவதையும் தொப்பியைக் கழற்றுவதுபோலக் கழற்றி, அண்ணன் காலடியில் வைக்கப் போகிறான். அண்ணன் முகம் காக்கத் தன் முகத்தைக் கொடுக்கப் போகிறான். ஊருக்குத் தெரியாது. ஆனால் கடவுளுக்குத் தெரியும். மேலே இருந்து அப்பாவுக்குத் தெரியும். திரும்பவும் அப்பா இவனைத்தான் பார்ப்பார்.

இந்தப் பெருமையும் இவனுக்கா?

பத்து வயதில் மூண்டது அதே சூட்டோடு மேலே ஏறியது.

"நிறுத்துடா" என்றார். குரல் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. "அவன் கண்டது ஒண்ணு இருக்கு. சொல்லச் சொல்லுங்க."

செர்லோ மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நிலம் உங்களது. உங்க பேச்சு இங்க எடுபடாது, பெரியவரே."

"நிலத்தைப் பத்தி நான் பேசல. என்னைப் பத்திப் பேசுறேன். டேய், சொல்லு."

துர்ஸ்தின் அண்ணனை ஒருமுறை பார்த்தான். பிறகு சொன்னான். கூட்டாமல் குறைக்காமல், மரத்தடியில் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னான். கழுதைக்கல் என்றபோது எல்லாத் தலைகளும் ஒரேயடியாகக் கல்லின் பக்கம் திரும்பின. அறைந்துகொண்டார் என்றபோது முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பிரெஞ்சுப் பக்கம் ஒருவன் தொடங்கினான். நம் பக்கத்திலும் அடக்கிய சிரிப்புகள் குலுங்கின. அவிஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ நெடுநாள் கணக்கு நேரானதுபோலக் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன்னை உயர்த்திச் சொல்பவனின் பேச்சைத் தள்ளலாம், தன்னைத் தாழ்த்திச் சொல்பவனின் பேச்சைக் கேட்கலாம் என்று செர்லோ விதியைச் சொல்லி, ஆஸ்பெர்னைப் பேழையருகே கூப்பிட்டார். ஆஸ்பெர்ன் நிமிர்ந்து நடந்துபோய் மோதிரக்கையை வைத்தார்.

"உண்மையா?"

"உண்மை."

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"எங்கப்பா கை என்மேல படல."

செர்லோ அவர் பக்கம் குனிந்தார். பிறகு, விசாரணைக்குத் தேவையில்லாத ஒரு கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்த எரிச்சல் எப்பத் தணிஞ்சுது?"

"தணியல" என்றார் ஆஸ்பெர்ன்.

ஆளை அனுப்பி வடகிளைத் தண்ணீரில் இறங்கிப் பார்க்கச் சொன்னார்கள். அவன் இடுப்பளவு நீரில் நின்று, கழுத்தை நீட்டி, மேடும் வானமும்தான் தெரிகிறது என்று கத்தினான். பூஷாரின் எழுத்தர், அண்ணனும் தம்பியும் கூடிப் புனைந்த கதை இது என்று முணுமுணுத்தார். பூஷாரே அவரைத் தடுத்தான். அவன் கெட்டவன்தான், ஆனால் அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

"பொய்யின்னா இதைவிட நல்ல பொய்யாச் சொல்லியிருப்பாங்க. எந்தக் குடும்பம் தன் வீட்டு மூத்தவனைக் கழுதைக்கல்லுல ஏத்தி வெச்சுப் பொய் சொல்லும்?" தொப்பியைப் போட்டுக்கொண்டான். "கல்லு மேல அன்னிக்கு இன்னொரு கழுதையும் இருந்திருக்கு. ரெண்டு சாட்சி இருக்கு. நான் ஒத்துக்கறேன்."

ஆஸ்பெர்னின் கை வாள் பிடிக்குப் போயிற்று. துர்ஸ்தின் பக்கத்தில் வந்து, "விடு அண்ணே. குதிரையை அவுத்துக்கிட்டுப் போறான் பாரு" என்றான். பூஷார் போனான். அவன் ஆட்கள் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு தென்கிளையைக் கடந்து அக்கரைக்கு ஏறும்வரை இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு வழியாகப் போனார்கள்.

செர்லோவின் எழுத்தர் தீர்ப்பை எழுதும்போது எல்லைக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. கழுதைக்கல் ஊருக்கு ஊர் இருக்கிறது என்று, "துறைத் தலைவர் ஆஸ்பெர்ன் தன்னைத் தானே அறைந்துகொண்ட கல்" என எழுதிவிட்டார். அறுவடைக்குள் ஊர் அதைச் சுருக்கி ஆஸ்பெர்ன் கல் ஆக்கியது. குளிர்காலத்துக்குள் அக்கரையிலும் அதுவே பெயரானது. அவர் பயந்தபடியே பிரெஞ்சுக்காரர்கள் பாட்டும் கட்டினார்கள். அவர் முதலில் அதைக் கேட்டால் வழியை மாற்றிப் போனார். பிறகு ஒருநாள் நின்று பாட்டு முழுவதையும் கேட்டார். மெட்டு மோசமில்லை என்றார் அவிஸிடம்.

அடுத்த கோடையில் முதல் புல்லறுப்பு அன்று அவருக்குத் தலை வலிக்கவில்லை. அவிஸ் பழக்கத்தில் துணியை நனைத்து வைத்திருந்தாள். அவர் அந்தத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனார்.

துர்ஸ்தின் அரிவாளோடு தயாராக நின்றான். ஆனால் கூட்டம் கல்லைச் சுற்றி நின்றது. வாலிபர்கள் முறை வைத்து அதன்மேல் ஏறி, தங்கள் கன்னத்தில் தாங்களே அறைந்து, யாருக்குச் சத்தம் அதிகம் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கரையிலிருந்துகூட ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஆஸ்பெர்னைக் கண்டதும் கூட்டம் விலகியது. ஒரு பிரெஞ்சுக்காரன் தொப்பியைக் கழற்றி, "கல்லுக்காரர் இவருதானா?" என்று பயபக்தியோடு கேட்டான். தச்சன் மனைவி கைக்குழந்தையைக் கொண்டுவந்து கல்லைத் தொடவைத்தாள்.

அந்த ஆரவாரத்தில் துர்ஸ்தின் முதல் பிடி புல்லை அறுத்தான். கன்னத்தில் ஒற்றிக்கொண்டான். திரும்பினான். அண்ணனைத் தவிர அதை யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்பெர்ன் அவனருகே போனார்.

"ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட இன்னிக்கு என் கன்னத்தைப் பாக்கல" என்றான் துர்ஸ்தின்.

"ஆறிப்போச்சு போல."

"உனக்கென்ன, கல்லுல பேரு. கல்லு ஆறாது. எப்பவும் நீ மூத்தவன், எப்பவும் உனக்குத்தான் பெருசு."

ஆஸ்பெர்ன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். உதடு மெல்லிசாக இழுத்துக்கொண்டிருந்தது. பார்வை கூட்டத்துக்கும் கல்லுக்குமாக ஓடியது. கூட்டத்தில் யாராவது திரும்புகிறார்களா என்று தேடியது. அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஓர் ஆயுள் முழுக்க அதை உள்ளேயிருந்து அணிந்தவர் அவர். தேன் தடவிய வெள்ளை ரொட்டியின் முதல் கடி எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் அவர் நாக்குக்குத் தெரிந்தது.

துர்ஸ்தின் அரிவாளைப் புல்லில் போட்டான். "எனக்குத் தலை வலிக்குது. நான் வீட்டுக்குப் போறேன்."

"போ" என்றார் ஆஸ்பெர்ன். "சன்னலைச் சாத்திட்டு நெத்தியில ஈரத்துணி போட்டுப் படு. சுவரைப் பாத்துப் படு. வலி கேக்கும்."